செவ்வாய்க்கிழமை எடை

எடைமேடை ரிப்பேருக்காக, கென்யாவின் கிசுமு நகரத்திலிருந்து மட்டாட்டு வேனில் மூன்று மணி நேரம் நசுங்கி வந்து இறங்கினால், ஆலை வாசலில் கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பு டிராக்டர்கள். செவ்வாயிலிருந்து நிற்கின்றனவாம். இன்று வியாழன். எடைமேடை எடையைச் சரியாகத்தான் காட்டுகிறது, அது கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. கையால் எழுதியே குமாஸ்தாக்கள் ஒரு காலத்தில் அடித்த கொள்ளையால், கம்ப்யூட்டரில் ஏறாத எடை எடையே இல்லை என்று ஆலையில் சட்டம்.

"யாராவது கேபிளைத் தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லண்ணே," என்றான் குமாஸ்தா மகோக்கா.

இந்தச் சத்தியத்தை எத்தனை ஊரில் கேட்டாயிற்று! கம்ப்யூட்டருக்குப் போகும் சீரியல் கேபிளை, மேடையின் எடையைக் காட்டும் எடைப்பெட்டியிலிருந்து கழற்றி, என் லேப்டாப்பில் மாட்டி, நானே தராசாகி 500 என்று அனுப்பினேன். திரையில் வரவில்லை. அலுப்போடு கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தேன். கேபிள் இருக்கவேண்டிய ஓட்டையில் போன் சார்ஜர். கேபிள் பக்கத்து ஓட்டையில். ஓட்டை மாறினால் கம்ப்யூட்டர் அதற்கு வேறு எண் கொடுத்துவிடும். எடை புரோகிராமோ பழைய எண்ணிலேயே காத்துக்கிடக்கும்.

"சார்ஜ் போட்டுட்டுத் திருப்பிச் செருகிட்டேனேண்ணே..."

"எந்த ஓட்டையில, மகராசா?"

மாற்றிச் செருகி மறுபடி அனுப்பினேன். திரையில் 500 விழுந்தது. இரண்டு நாள் நாசத்துக்கு இவ்வளவுதான் வைத்தியம்.

ஜன்னலில் ஓர் அம்மாள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நசாம்பு. வரிசையில் முதல் வண்டி அவளுடையது.

"தம்பி, நீ அடிச்ச நம்பர்தானே அதுல வந்துச்சு?"

"ஆமாம்மா."

"அப்ப பதினாலாயிரத்து இருநூறு கிலோன்னு அடி. செவ்வாக்கிழமை மேடையில ஏத்தினப்ப அதான் காட்டுச்சு. இவனும் பாத்தான்."

மகோக்கா தலைகுனிந்துகொண்டான். அவள் பொய் சொல்லவில்லை. இரண்டு நாள் வெயிலில் கரும்பு காய்ந்திருக்கிறது, ஆலை தருவதோ எடைக்குத்தான் விலை. நாலைந்து பொத்தான்களைத் தட்டினால் போதும்.

"முடியாதும்மா. தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"சரிதான். உன் வேலை போகக் கூடாது. என் கரும்பு போகலாம்."

வெட்கமாக இருந்தது. கேபிளை எடைப்பெட்டியில் மாட்டினேன். அவள் வண்டி மேடையேறியது. திரையில் 12,960.

நசாம்பு அதைப் பார்க்கவில்லை. சுமையிலிருந்து ஒரு கரும்பை உருவி, முழங்காலில் வைத்து முறித்து, பாதியை ஜன்னல் வழியே நீட்டினாள்.

"தின்னு. பசியோட வந்திருப்ப."

கடித்தேன். சக்கையாகத்தான் வந்தது. ஊறிய ஒரு சொட்டுச் சாறு, தொண்டையைப் பிடிக்கும் அளவுக்கு இனித்தது.