ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததில் குடும்பத்தில் எல்லோருக்கும் உள்ளூர ஒரு நிம்மதி. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆண்டுக் கடைசி விடுமுறையில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவது எப்போதும் அவர் வீட்டில்தான். இந்த வருடம் அங்கே சோபாவிலிருந்து சுவர்க் கடிகாரம் வரை எல்லாம் பழைய துணிக்குள் முக்காடு போட்டுக் கிடந்தன. அதனால் விருந்து தம்பி வீட்டுக்கு இடம் மாறியது. தம்பி லிஃப்ட் மெக்கானிக்.

அண்ணன் குடியிருப்போர் சங்கத் தலைவர். தேர்தலில் அவர் ஒருவர்தான் நின்றார். இருந்தாலும் அதை அமோக வெற்றி என்றுதான் சொல்லிக்கொள்வார். பதவிக்கு வந்ததிலிருந்து அந்தக் குடியிருப்பில் அவர் திறந்து வைக்காத பொருள் பாக்கியில்லை. தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் நிறுத்துமிடம், மாடிப்படியில் மாற்றிய பல்பு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தொட்டி திறந்த அன்று சங்கத்தார் அவருக்குத் தங்க நிறத்தில் ஒரு கத்தரிக்கோலை வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் இன்றுவரை அதற்காக வருந்திக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டு விருந்துக்கும் அவரிடம் விதிவிலக்கு கிடையாது. எல்லோரும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் "ரெண்டு வார்த்தை பேசிடறேன்" என்று எழுந்திருப்பார். அந்த இரண்டு வார்த்தை முடிவதற்குள் சூப்பில் ஆடை கட்டிவிடும். குழந்தைகள் தூங்கிவிடும். அதற்குப் பிறகு அண்ணி எல்லோருக்கும் சுற்றிச் சுற்றிப் பரிமாறுவாள். கடைசியில் அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போனதை அள்ளிப் போட்டுக்கொள்வாள். அண்ணி சூடாக ஒரு வாய் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் வளர்ந்த மெக்கானிக்கே பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் அண்ணி டிவியில் ஒரு பலகாரம் பார்த்தாள். பாலும் மாவும் வெண்ணெயும் காய்ச்சி, மஞ்சள் கருவும் சீஸும் கலந்து, வெள்ளைக் கருவை நுரை நுரையாக அடித்துச் சேர்த்து ஓவனில் வைத்தால், கிண்ணத்துக்கு மேலே தொப்பி போட்டதுபோல் உப்பிக்கொண்டு வருமாம். அதற்கு வெளிநாட்டுக்காரன் வைத்த பெயர் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அண்ணி அதற்கு 'உப்பல்' என்று பெயர் வைத்தாள். அந்த வருட விருந்துக்கு அதைச் செய்தாள். உப்பியும் வந்தது. பொன்னிறமாக அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்த நேரம், அண்ணன் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

ஓவனை விட்டு வெளியே வந்த உப்பலுக்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். பேச்சு சங்கத்தின் கழிவுநீர்த் திட்டத்தைத் தொடும்போது அது நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிட்டது. பேச்சை முடித்துவிட்டு அண்ணன் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "என்ன இது, பஞ்சர் ஆயிடுச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். அப்புறம் அவள் அதைச் செய்யவே இல்லை.

விருந்து தன் வீட்டில் என்று முடிவானதுமே மெக்கானிக் மனைவியிடம் சொல்லிவிட்டான். மற்றது என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், உப்பல் உப்பியிருக்கும்போதே அண்ணி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை நடந்தது. மேலே போனது தடாலென்று கீழே வரக் கூடாது என்பதுதான் அவன் தொழிலே. இந்தப் பாழாய்ப்போன பலகாரம் மட்டும் எந்தக் கேபிளுக்கும் பிரேக்குக்கும் கட்டுப்படவில்லை. ஒரு தடவை உப்பவே இல்லை. ஒரு தடவை அவன் ஆசை தாங்காமல் கதவைத் திறந்து பார்த்துவிட, கண்ணெதிரே அமுங்கிப் போனது. தோற்றதையெல்லாம் தின்று தீர்த்தது அவன் மனைவியும், அவர்களோடு இருக்கும் அத்தையும். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பல்லும் காதும் கொஞ்சம் கொஞ்சம் போனவள். "மெத்துனு இருக்குடா, நீ தோத்துக்கிட்டே இரு" என்று ஆசீர்வாதம் செய்தாள்.

விருந்தன்று காலையிலிருந்தே மனைவியும் அத்தையும் காகித நட்சத்திரங்களை நூலில் கோத்து ஜன்னலில் கட்டினார்கள். விளக்குச் சரத்தில் பாதி எரியவில்லை. மெக்கானிக் டெஸ்டரை எடுத்து அதையும் எரிய வைத்தான். கோழி தயார், ரொட்டி தயார், பழக்கலவை தயார். உப்பல் கலவை மட்டும் கடைசி நேரத்துக்காகக் காத்திருந்தது.

அண்ணன் குடும்பம் வந்தது. முன்னால் அண்ணன், கழுத்தில் மாட்டும் சின்ன ஸ்பீக்கரும் மைக்குமாக. அவருக்குப் பின்னால் அண்ணியும் மகளும். கடைசியாக மருமகன், கையில் ஒரு சுருள் சிவப்பு ரிப்பன். இது தம்பி வீட்டில் முதல் விருந்து, அதனால் சாப்பாட்டு அறையை முறைப்படி திறந்து வைத்த பிறகுதான் யாரும் உள்ளே போக வேண்டும் என்று அண்ணன் வாசலிலேயே அறிவித்துவிட்டார். மருமகன் ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த கதவு நிலையில் ரிப்பனைக் கட்டினான். இடுப்பு உயரத்தில் பூ முடிச்சோடு.

மெக்கானிக் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். ரிப்பன் வெட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? பேச்சை அதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லி மனைவி பார்த்துக்கொள்வாள். அவள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள். வீங்கின கன்னத்தோடு வந்தவனையே சிரித்த முகமாக உட்கார வைப்பவளுக்கு மாமா எம்மாத்திரம்? அவன் கிண்ணங்களை ஓவனுக்குள் தள்ளினான்.

உப்பல் எழும்பத் தொடங்கியபோது ஹாலில் வெல்வெட் பெட்டியைக் காணவில்லை.

பெட்டி அண்ணன் வீட்டில், பெயின்டர்கள் போர்த்திய துணிக்குள் எங்கோ இருந்தது. மெக்கானிக்கின் மனைவி சமையலறைக் கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து எடுத்து நீட்டினாள்.

"கோழி வெட்டுற கத்தரியிலயாம்மா திறப்பு விழா பண்றது?" என்றார் அண்ணன், கோபப்படாமல், வருத்தத்தோடு.

"நல்லாக் கழுவிட்டேன் மாமா."

"கழுவினா மட்டும் அது கத்தரிக்கோல் ஆயிடுமா?"

மருமகன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் வரும்வரை நேரத்தை வீணாக்கக் கூடாது என்று அண்ணன் மைக்கைப் போட்டார். ஹால் இருந்த அளவுக்கு அந்த ஸ்பீக்கர் தேவையே இல்லை. எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. இந்த நன்னாளில் என்று தொடங்கி, ஒற்றுமைக்கு வந்து, குடும்பமும் ஒரு சங்கம்தான் என்று நிறுவிவிட்டு, தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். மகள் தூண்போல நின்று செல்போனில் படம் பிடித்தாள். அண்ணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பல வருடப் பழக்கத்தில் அவள் முகம் கேட்பதுபோலவே இருந்தது.

மெக்கானிக்கின் மனைவி தன் தொழில் வித்தையைக் காட்டிப் பார்த்தாள். "மாமா, உள்ள எல்லாம் ரெடியா இருக்கு" என்றாள். பேச்சுக்கு நடுவிலேயே அண்ணன் அவளை அன்போடு கையமர்த்தினார்.

உள்ளே ஓவன் கண்ணாடி வழியாகப் பொன்னிறம் தெரிந்தது. இனி வைத்தால் கருகும், எடுத்தால் அமுங்கும். மெக்கானிக் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தான். உப்பல் கிண்ணத்துக்கு மேலே அரைக் கை உயரத்துக்கு, லேசாக ஆடிக்கொண்டு, கர்வமாக நின்றது. அவன் அதை ஏந்திக்கொண்டு ரிப்பன்வரை வந்தான். அண்ணனை அவன் பார்க்கவில்லை.

"அண்ணி," என்றான். "உப்பிடுச்சு."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் தொட்டியின் கொள்ளளவு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி கிண்ணத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், மறுபடியும் கிண்ணத்தைப் பார்த்தாள். கைப்பையை மகள் தோளில் மாட்டிவிட்டு எழுந்தாள். ரிப்பனை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, முழங்காலில் இன்னொரு கையை ஊன்றிக் குனிந்து, அந்தப் பக்கம் போனாள்.

பேச்சு நின்றது. "ஏய், இன்னும் திறக்கல" என்றார் அண்ணன். மைக்கை அணைக்க மறந்ததால் அது தெருவுக்கே கேட்டது.

"நீங்க திறந்துட்டு வாங்க," என்றாள் அண்ணி. "நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மெக்கானிக் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தான். அவள் கரண்டியை உள்ளே விட்டபோது உஸ்ஸென்று ஆவி வந்தது. ஊதி ஊதிச் சாப்பிட்டாள். நாக்கைச் சுட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வாயைத் திறந்து விசிறிக்கொண்டாள். "சுடுது தம்பி" என்றாள், அது ஒரு பெருமைபோல.

பிறகு ஹாலில் கட்டுப்பாடு நிலைக்கவில்லை. அத்தை ஊன்றுகோலால் ரிப்பனைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "நீ பேசுப்பா, இங்கயே நல்லாக் கேக்குது" என்று அண்ணனுக்குத் தைரியமும் சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மகள் செல்போனைச் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். செல்போன் மட்டும் தொடர்ந்து படம் பிடித்தது.

வெல்வெட் பெட்டியோடு மூச்சு வாங்க ஓடி வந்த மருமகன், ஹாலில் மாமனார் ஒருவர் மட்டும் மைக்கோடு நிற்பதைப் பார்த்தான். பெட்டியை அவர் கையில் பணிவாகக் கொடுத்தான். வாசனை வந்த பக்கம் குனிந்து போய்விட்டான்.

அண்ணன் பெட்டியைத் திறந்தார். ரிப்பனை வெட்டினார். தங்கக் கத்தரி வெட்டி வெட்டியே மழுங்கிப் போயிருந்தது, இரண்டு மூன்று தடவை மெல்ல வேண்டியிருந்தது. வெட்டி முடித்ததும் அண்ணி கரண்டியைக் கீழே வைக்காமலே, இன்னொரு கையால் மேஜையைத் தட்டி வரவேற்றாள். மற்றவர்களும் தட்டினார்கள்.

அவர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு எடுத்து வைத்திருந்த கிண்ணத்தில் உப்பல் விளிம்புக்குக் கீழே குழிந்து சுருங்கியிருந்தது.

"இதென்ன, எனக்கு மட்டும்..." என்று தொடங்கியவர் அந்தப் பழைய வார்த்தை நினைவுக்கு வந்ததுபோல நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்காகத்தான் காத்துட்டு இருந்துச்சு," என்றாள் அண்ணி. "பாவம், முடியல."

மெக்கானிக் இன்னொரு கிண்ணத்துக்குக் கலவை மீதி இருக்கிறது என்று சொல்லி, அதை ஊற்றி ஓவனில் வைத்தான். அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே போய், ஓவன் முன்னால் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு விளிம்பு மெல்ல எழுந்து எட்டிப் பார்த்தது. அவருக்கு அது பிடித்துவிட்டது. தானாக ஒன்று மேலே வருவதைப் பார்த்துப் பழக்கமில்லாதவர், உடனே இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றி மைக்கை எடுத்தார்.

"அண்ணே, பக்கத்துல சத்தம் போட்டா உப்பாது" என்றான் மெக்கானிக்.

அப்படி ஒரு விதி எந்த டிவியிலும் சொன்னதில்லை. அண்ணனுக்கும் ஒரு சந்தேகம் தட்டியது. விஷயம் தெரிந்தவள் என்று திரும்பி அண்ணியைப் பார்த்தார்.

அண்ணியின் வாய் நிறைந்திருந்தது. ஆமாம் என்று நிதானமாகத் தலையாட்டினாள்.

அண்ணன் மைக்கை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார்.