கல் நகர்ந்த நாள்

அண்ணனும் தம்பியும் வேலித் தகராறில் முறைத்துக்கொண்டு நிற்க, சர்வேயர் பெண் எல்லைக்கல்லின் மேல் ஜிபிஎஸ் கருவியை நிறுத்தினாள். கல் அண்ணன் நிலத்துக்குள் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பதாகத் திரை காட்டியது.

“பாத்தீங்களா, கல்லைப் புடுங்கி நட்டுட்டான்!” என்று அண்ணன் எகிறினார்.

தம்பி வாய் திறப்பதற்குள் எண்கள் மாறின. இப்போது கல் தம்பியின் நிலத்துக்குள் போயிருந்தது.

“கல்லு அசையாம நிக்குது. இதுல மட்டும் நடந்துகிட்டே இருக்கே!” என்று வியந்தவள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

“இங்கயும் அதே கூத்துதாம்மா. சூரியன்ல புயலாம். அதுல மேல்வானம் கலங்கிப்போய், செயற்கைக்கோள் சிக்னல் தடுமாறுது” என்றார் மேலாளர்.

அவளுக்குக் கருவியை அணைக்க மனம் வரவில்லை. திரையில் அலையும் புள்ளியையே பார்த்திருந்தாள். சண்டைக்காரர்களும் அவள் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“இப்ப உன் பக்கம் வருதுடா!”

“இல்லண்ணே, திரும்பிடுச்சு!”

பிறகு அளவு நாடாவின் ஆளுக்கொரு முனையை அவர்களிடமே கொடுத்து, சாலையோர அரசுக் கல்லிலிருந்து அளந்தாள். எல்லைக்கல் இம்மியும் நகரவில்லை. அண்ணன் தலையைச் சொறிந்தார்.

கிளம்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. வடக்கு அடிவானத்தில் ரோஜா நிறத்தில் ஓர் ஒளித்திரை மெல்ல அசைந்தது.

“ஐயோ, தீயா?” என்றான் தம்பி.

“இல்ல, அந்தப் புயலோட வெளிச்சம்தான். நானும் இப்பதான் மொதல்தடவை பாக்கறேன்.”

மூவரும் வரப்பின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள்.

“டேய், ஓடிப்போய் உங்க அண்ணியைக் கூட்டிட்டு வா, மறைஞ்சிடப்போவுது!” என்றார் அண்ணன்.

மாதக்கணக்கில் அந்த வீட்டுப் படியேறாதவன் ஓட்டமாய் ஓடினான்.