தலையில் விழாத தண்ணீர்

...தண்ணீர் விழவே இல்லை என்பது இங்கே இருக்கிறவர்களில் தனக்கு மட்டும்தான் தெரியும், சரி, தெரிந்து என்ன ஆகப்போகிறது, என்று நினைத்தபடி உமாபதி மடியில் கிடந்த தன் குழந்தை நிர்மலாவுக்குப் பாட்டுத்தாளால் விசிறினான். பூசை முடிந்துவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்துத் தோட்டம், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட சின்னக் கோயில், மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் ஃபாதர் வருவார், வந்தால் பாவசங்கீர்த்தனம், பூசை, பிள்ளை இருந்தால் ஞானஸ்நானம், எல்லாம் ஒரே காலையில். ஆனால் நிர்மலாவுக்கு இன்று ஞானஸ்நானம் இல்லை, எண்ணெய் பூசுவதும் மெழுகுவத்தி கொடுப்பதும் பெயரைப் புத்தகத்தில் எழுதுவதும் மட்டும்தான், ஏனென்றால் தண்ணீர் ஊற்றுகிற வேலையை மூன்று மாதத்துக்கு முன், அவள் பிறந்த அன்றே, ஆஸ்பத்திரியில் அவள் அப்பன் முடித்துவிட்டான்... சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், இந்துகூட ஊற்றலாம், ஒருமுறை ஊற்றியதை மறுமுறை ஊற்றக்கூடாது, அது சபையின் சட்டம். அவன் ஊற்றினான் என்று அவன் மனைவி லூர்து சொன்னாள், லூர்து சொன்னதை அவள் அம்மா சொன்னாள், அத்தை சொன்னதை இப்போது தோட்டமே சொல்கிறது. மண்டோர் சூசை, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர், ஞானத்தகப்பனாக நிற்கப்போகிறவர், பின்னாலிருந்து தோளைத் தட்டினார். "என்னா வாத்தியாரே, ஃபாதர் சம்பளத்துல பாதி உங்களுக்கு வரணும்லா! விபூதி பூசுற கையி, எப்படிக் கரெக்டா ஊத்திருச்சி பாருங்க." அத்தை சவரியம்மா வெடுக்கென்று திரும்பினாள். "கோயிலுக்குள்ள என்னா கிண்டலு மண்டோரே. அந்தக் கையாலதான் எம் பேத்தி பொழச்சிக் கெடக்கா." உமாபதி சிரித்தான். சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் மண்டோரும் சிரித்தார்.

லூர்துதான் இதெல்லாம் தெரிந்தவள். யூனிவர்சிட்டியில் அவனோடு சரித்திரம் படித்தவள், அந்தக் காலத்து 'நீ' கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை, அத்தை முன்னால் மட்டும் 'நீங்க'. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று தபாலில் ஒரு பாடம் எடுத்தாள், ஸ்டென்சில் மை ஒட்டும் தாள்கள், ஆதிச் சபையின் சண்டைகள், அதைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்துவிடுவாள். பெலாஜியஸ் என்று ஒரு துறவி ரோமாபுரியில் சொன்னாராம், பிறக்கிற பிள்ளை ஆதாமைப் போலவே சுத்தமாய்ப் பிறக்கிறது, நல்லதையோ கெட்டதையோ அதுவே தேர்ந்துகொள்ளும், தேர்ந்துகொள்ள முடியாதவனுக்குக் கட்டளை எதற்கு... இல்லை என்றார் கடலுக்கு அந்தப் பக்கம், ஆப்பிரிக்காவில், ஹிப்போ நகரத்து ஆயர். பிள்ளை ஜென்மப்பாவத்தோடுதான் பிறக்கிறது, ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் அதற்கு மோட்சம் இல்லை, நல்லதை விரும்புவதற்கேகூட முதலில் அருள் வரவேண்டும், நீ விரும்பியதாய் நினைக்கிறாயே, அந்த விருப்பமே உனக்குக் கொடுக்கப்பட்டது என்றார். உமாபதி சோற்றைப் பிசைந்தபடி துறவியின் கட்சி. "அப்ப நான் உன்னைக் கட்டிக்கிட்டது என் இஷ்டம் இல்லையா?" "உனக்கு ஏது அவ்வளவு புத்தி? அது வரப்பிரசாதம்." சிரிப்பாள். இன்னொரு சண்டையும் இருந்தது. ராஜாவுக்குப் பயந்து வேதப் புத்தகங்களை ஒப்படைத்துவிட்ட குருக்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்று நூறு வருஷம் அடித்துக்கொண்டார்கள், கை அழுக்கானாலும் தண்ணீர் அழுக்காகாது என்று அதிலும் ஆயர்தான் ஜெயித்தார். ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு முன்பு அவன் ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டான், பிள்ளைக்குச் சாமியை நாம் திணிக்க வேண்டாம், பதினெட்டு வயதில் அதுவே முடிவு பண்ணட்டும். "சரி பெலாஜியஸ்" என்றாள். சரி என்றுதானே சொன்னாள்? விளையாட்டுக்கா, நிஜமாகவா... இரண்டு வீட்டுக்கும் பொருந்துகிற மாதிரி நிர்மலா என்று பெயரைக்கூட அப்போதே எடுத்து வைத்தாள்.

பிறகு எண்பத்தாறு ஜனவரி, ஐந்து வாரம் முன்னாலேயே வலி, கடலோரச் சாலையில் செகிஞ்சான் நெல் லோரி ஒன்று முன்னால் ஆமையாய்ப் போனது, அதை எங்கே முந்தினான் என்று இன்னும் நினைவில்லை. பிள்ளை நீலமாய் வந்தது. ஒரு மூலையில் விளக்குக்கடியில் வைத்தார்கள். லூர்துவுக்கு ரத்தம் நிற்கவில்லை, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருக்கிறது, ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவன் சட்டையைப் பிடித்தாள். "உமா, தண்ணி ஊத்து. பாப்பா தலையில. வார்த்தை உனக்குத் தெரியும்." தெரியும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவள் எழுதிய பாடத்தை ஸ்டென்சிலில் தட்டியவனே அவன்தான். குழாயில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை தண்ணீர் பிடித்தான். மூலைக்குப் போனான். பிள்ளையின் நெஞ்சு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது, துடித்துத் துடித்து நின்றது, மறுபடி துடித்தது. கோப்பையைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். சாய்க்கவில்லை. ஏன்? பதினெட்டு வயது ஒப்பந்தமா? அந்த நேரத்தில் ஒப்பந்தம் எங்கே நினைவு இருந்தது... ஊற்றினால் பிள்ளை சாகப்போகிறது என்று தானும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயமா? அல்லது ஒன்றுமே இல்லையா, கை நின்றது, நின்றதால் நின்றது. வாய் மட்டும் காய்ந்து கிடந்தது. கோப்பையை உயர்த்தி முழுவதையும் தானே குடித்துவிட்டான். திரும்பி வந்து லூர்துவிடம் "ஊத்திட்டேன்" என்றான். ஆம்புலன்ஸில் அத்தைதான் அவளோடு ஏறினாள். கிள்ளான் சேர்வதற்குள் லூர்துவின் மூச்சு முடிந்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

குடித்துவிட்டான்... இதை யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் அவன் முகத்தையே பார்க்காத அத்தை இப்போது அவன் வீட்டில் இருந்து பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், அவனுக்குச் சட்டை தேய்க்கிறாள், ஆம்புலன்ஸில் லூர்து கடைசியாய்ச் சொன்னதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், "அவரு ஊத்திட்டாரும்மான்னா, மொகம் தெளிஞ்சிருச்சி எம்மவளுக்கு." அந்தத் தெளிந்த முகத்தைத்தான் அத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் போய்ப் பிடுங்குவதா? சொல்லாவிட்டால் எண்ணெய் பூசி அனுப்பிவிடுவார்கள், பிறகு ஆயுசுக்கும் யாரும் நிர்மலாவின் தலையில் தண்ணீர் ஊற்றமாட்டார்கள். அதனால் என்ன, தண்ணீர் வெறும் தண்ணீர்தானே, அவன் நம்புகிறவன் இல்லையே... வெறும் தண்ணீர் என்றால் ஊற்றிவிட்டுப் போயிருக்கலாமே, என்ன குறைந்துபோயிருக்கும்? போன வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தஞ்சோங் காராங் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே மோட்சம் இல்லை, மோட்சம் இல்லை என்று அந்த ஆயரின் வார்த்தை எதற்காகக் காதில் ஓடியது? இல்லாத மோட்சத்துக்குக் கதவு சாத்தினால் யாருக்கு நஷ்டம்? துறவி சொன்னபடி அவனாகத்தான் தேர்ந்துகொண்டான் என்றால் அது குற்றம், முழுக் குற்றம், அவன் கணக்கில்தான். ஆயர் சொன்னபடி நல்லதை விரும்பக்கூட வழியில்லாமல் கிடந்தவன் என்றால் அவனை யார் குற்றம் சொல்வது? இரண்டில் எது தேவலை என்றுகூடத் தெரியவில்லை, நாற்காலியின் ஆணி தொடையில் குத்துகிறது, எழுந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

"உமாபதி, வாங்க" என்று ஃபாதர் கூப்பிட்டார். எழுந்தான். பலிபீடத்துக்குக் கீழே ஒரு சின்ன மேசை, எண்ணெய்ச் சிமிழ், மெழுகுவத்தி, ஓரத்தில் ஒரு வெண்கலச் செம்பு. ஃபாதர் பேனாவைத் திறந்தார். "புத்தகத்துல எழுதணும், அதுக்குக் கேக்கிறேன். தண்ணி தலையில பட்டு ஓடிச்சா? வார்த்தைய முழுசா சொன்னீங்களா?" ஆமாம் என்றும் வைத்திருந்தான், இல்லை என்றும் வைத்திருந்தான், வழியெல்லாம் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருந்தான். "தெரியல ஃபாதர்" என்று வந்தது. "என்னா மாப்ள தெரியலங்கிறீங்க?" அத்தையின் குரல் கீச்சென்று உயர்ந்தது. "ஊத்தினீங்கன்னு எம்மவ சொன்னாளே, செத்துக்கிட்டு இருக்கிறவ பொய்யா சொல்வா?" "அதானே, ஊரே பேசுது" என்றார் மண்டோர். ஃபாதர் கையை உயர்த்தினார். "இருங்கம்மா. அன்னைக்கு அவரு இருந்த நெலம அப்படி." பிறகு உமாபதியைப் பார்த்தார், என்ன பார்த்தாரோ, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "சந்தேகம்னா அதுக்கும் சபையில ஒரு வழி இருக்கு. பாப்பாவக் கொஞ்சம் சாய்ச்சிப் பிடிங்க." செம்பை எடுத்தார். "நிர்மலா, நீ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெறவில்லையென்றால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே, நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்."

பெறவில்லையென்றால்... இப்படி ஒரு வார்த்தை இருக்கிறதா, பொய்யையும் உண்மையையும் ஒரே செம்பில் போட்டு ஊற்றிவிடுகிற வார்த்தை, யாரையும் காட்டிக்கொடுக்காத வார்த்தை, இது பாடத்தாளில் இல்லையே, இருந்து அவன்தான் கவனிக்கவில்லையா? மூன்று முறை ஊற்றினார். பிள்ளை வீறிட்டுக் காலை உதைத்தது, செம்பு ஆடி அவன் முகத்திலும் கொஞ்சம் தெறித்தது. அத்தை அழுகிறாள், கோபமா நிம்மதியா தெரியவில்லை. பிள்ளையின் பாடு முடிந்தது. ஆனால் லூர்துவிடம் சொன்னானே, அதற்கு முன்னால் வைத்துக்கொள்ள இப்படி ஒரு சொல் கிடையாது, அவள் கேட்டுக்கொண்டு போய்விட்டாள்... மீசையிலிருந்து தண்ணீர் உதட்டுக்கு இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றான். அன்றைக்கு லூர்து துடைத்தாள். ஊத்திட்டேன் என்று அவன் குனிந்து சொன்னபோது, ஊசி ஒட்டிய கையைச் சிரமப்பட்டுத் தூக்கி, கட்டைவிரலால் அவன் மீசையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகத் துடைத்தாள். பிரியம் என்றுதான் இந்த மூன்று மாதமும் வைத்திருந்தான், கடைசிப் பிரியம். துடைத்துவிட்டு அந்த விரலைப் பார்த்தாளே. விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாளே. அப்புறம்தானே சரி என்றாள், அப்புறம்தானே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், அதில் போகும்போதுதானே அம்மாவிடம் சொன்னாள்... பிள்ளையின் தலையில் ஊற்றியவனுக்கு மீசை எப்படி நனையும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துமா அம்மாவிடம் அப்படிச் சொன்னாள்? "பாப்பா தலையத் தொவட்டுங்க மாப்ள, சளி புடிச்சிரும்" என்று அத்தை துண்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டான். பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. தெரிந்துதான் சொன்னாள் என்றால், அதை யாருக்காகச் சொன்னாள்?