முந்நூறு நாளுக்குள்

என் வலைப்பதிவுக்குப் பதினொரு வயது. வாசகர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அதில் பாதி சொந்தம். பகலில் நான் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மெழுகுத் தகட்டை இளக்கி, பல் பல்லாக நட்டு, ஈறு செதுக்கிக் கொடுத்தால், முகம் தெரியாத யாரோ ஒருவர் அடுத்த மாதம் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார். வேலையில் எவருடைய முகமும் எனக்குத் தெரியாது, எழுத்திலும் அப்படித்தான். அது எனக்குப் பழகிவிட்டது.

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு நான் விண்ணப்பித்த வருடம் தேர்தல் வருடம். வந்தவர்களை எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம் என்ற கட்சி ஜெயித்தது. ஜெயித்த மூன்றாம் மாதம் விண்ணப்பத்தில் ஒரு பக்கம் கூடியது. ஐந்து ஆண்டுகளாக இணையத்தில் எங்கெங்கே எழுதினாய், முகவரி கொடு.

என் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். முன்னால் போகிற வண்டி எந்த நொடியும் நிற்கும் என்று நினைத்தே ஓட்டுவார். குடும்பத்தையும் அப்படித்தான் ஓட்டுகிறார். அவருக்குக் குடியுரிமை கிடைத்து நான்கு வருடம் ஆகிறது. உனக்கும் கிடைத்தால்தான் நான் நிம்மதியாக பிரேக்கிலிருந்து காலை எடுப்பேன் என்பார். புதிய பக்கத்தைப் பார்த்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கணினி முன்னால் உட்காரவைத்தார். அரசியல் பதிவு ஒவ்வொன்றாகப் படித்தோம். அமைச்சரைக் கிண்டல் செய்தது, ஊர்வலத்துக்குப் போனது, வரிசையில் என்னை மட்டும் பை திறக்கச் சொன்னது. பதினேழு பதிவுகளை மறைத்தோம். மறைக்க மறைக்க எனக்குக் கோபம் வந்தது. அத்தனை ரோஷமாக எழுதியிருந்தும் அதில் ஒன்றில்கூட நான் எதையும் பணயம் வைத்திருக்கவில்லை என்பது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"அப்பாவப் பத்தினது, பல்லு செட்டு, பக்கத்து வீட்டுப் பூனை, இதெல்லாம் இருக்கட்டும். யாருக்கு என்ன வலிக்கப்போகுது?" என்றார்.

நேர்காணல் நடந்த அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, திறக்காத ஜன்னல். அதிகாரி என் வயதுப் பெண். மேசைமேல் என் பதிவுகளின் மொழிபெயர்ப்பு கட்டாக இருந்தது. நாங்கள் மறைத்தவையும் அதில் இருந்தன. அவை பிரச்சினை இல்லை, அபிப்பிராயம் யாருக்கும் இருக்கலாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, மஞ்சள் சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்தார். அது அப்பாவைப் பற்றியது.

ஐந்து ஆண்டுகளில் முந்நூறு நாளுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தவருக்குக் குடியுரிமை இல்லை. நான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தது இருநூற்று எண்பத்தேழு. அதிகாரி நிதானமாகக் கேட்டார். கடைசிப் பயணத்தில் நான் திரும்பியதாகச் சொல்லும் நாளுக்குப் பத்தொன்பது நாள் கழித்து, "இன்று விடியற்காலை அப்பா போனார், நான் கையைப் பிடித்திருந்தேன்" என்று பதிவு இருக்கிறதே? நான் வெளியே போனது அவர்கள் கணினியில் இருந்தது. திரும்பி வந்தது இல்லை. அந்த வாரம் நுழைவு வாயில் இயந்திரங்கள் பழுது. டிக்கெட் இருக்கிறது என்றேன். டிக்கெட் வாங்கியதற்குத்தான் சான்று, ஏறியதற்கு இல்லை என்றார். இருநூற்று எண்பத்தேழும் பத்தொன்பதும் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

"அது பொய்" என்றேன்.

"எது? விண்ணப்பமா, பதிவா?"

பதிவு என்றேன். அதற்குச் சான்று வேண்டும் என்றார். நான் இங்கே இருந்ததற்கு ஒன்று, அங்கே இல்லாததற்கு ஒன்று, இரண்டையும் விளக்கிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் ஒன்று. முப்பது நாள் தவணை. தவறான தகவல் என்று முடிவானால் மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது.

நடந்தது இதுதான். அப்பா மருத்துவமனையில் படுத்திருந்தபோது நான் தினமும் தலைமாட்டில் உட்கார்ந்து மனதுக்குள் நாள் எண்ணினேன். இருநூற்று எண்பத்து ஐந்து, எண்பத்து ஆறு. மருத்துவர் இப்படியே இரண்டு மாதம்கூட இழுக்கலாம் என்றார். பதின்மூன்று நாளைக் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். அவசரம் என்றால் மறுபடி வரலாம் என்று கணக்கு. ஆனால் அவசரம் என்ற சேதி வரவில்லை, முடிந்துவிட்டது என்றுதான் வந்தது. கணக்கில் ஒன்றும் பிழை இல்லை. அப்பாவுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை.

திரும்பிய பிறகு, பட்டறையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, தலைமாட்டில் இருப்பதுபோலவே பன்னிரண்டு பதிவுகள் எழுதினேன். "இன்று அப்பா கண் திறந்தார்." "இன்று ஜன்னலைத் திறக்கச் சொன்னார்." தம்பி தொலைபேசியில் சொல்வதை வைத்து எழுதுவேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. எழுதும் அரைமணி நேரம் நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான். கடைசிப் பதிவுக்கு அறுபது பின்னூட்டம் வந்தது. கொடுத்துவைத்த மகள் என்று எழுதியிருந்தார்கள். என் பதினொரு வருட எழுத்தில் அதிகம் படிக்கப்பட்டது அந்தப் பொய்தான்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அந்தப் பதிவை அவர் படித்ததே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கே படிச்சேன். நீ இங்க அடுப்புக்கு முன்னாடி நிக்கிற, அங்க அப்பா கையைப் பிடிச்சிருக்க."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நீ என்ன பண்ணுவ? அதுக்குத்தான் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை பதினேழு பதிவுகளைத் தேடித் தேடி மறைத்தவர், இதை விட்டுவைத்திருந்தார். ஆபத்து அவர் கண்ணில் படாமல் இல்லை. அதில் அவர் கை வைக்கத் துணியவில்லை.

பட்டறையில் ஒவ்வொரு பல் செட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. அச்சு வார்த்தது யார், பல் நட்டது யார், மெருகு போட்டது யார், எந்தத் தேதி, எத்தனை மணி. யாருக்காவது ஈறு புண்ணானால் யார் கைவேலை என்று தெரிய வேண்டுமே. ஏழு வருடத்துக்குச் சீட்டைக் கிழிக்கக் கூடாது. பட்டறையின் மூத்த தொழிலாளியை நாங்கள் கடைவாய் என்று கூப்பிடுவோம். எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். அன்று நான் இங்கே இருந்ததற்குச் சான்று வேண்டும் என்று தேதியைச் சொன்னதும் அலமாரியில் குனிந்து பெட்டியை இழுத்தார்.

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. உனக்குப் பல்லுதான் சாட்சி சொல்லப் போகுது" என்று சிரித்தபடி சீட்டைக் கொடுத்தார். தேதியைப் பார்த்த பிறகும் எதற்கு என்று கேட்கவில்லை.

மேல் செட், பதினான்கு பல், காலை ஒன்பது நாற்பது, என் கையெழுத்து. சீட்டில் இல்லாதது ஒன்று உண்டு. ஒன்பதே முக்காலுக்குத் தம்பி கூப்பிட்டான், அங்கே அப்போது விடியற்காலை. மெழுகு இளகியிருந்தது, ஆறிவிட்டால் பல் நிற்காது. நான் எடுக்கவில்லை. முன்பல் ஆறையும் நட்டு முடித்துவிட்டுத்தான் திருப்பி அழைத்தேன்.

அங்கே நான் இல்லை என்பதைத் தம்பிதான் சொல்ல வேண்டும். வக்கீல் முன்னால் கையெழுத்திட்டு, அப்பா இறந்தபோது யார் யார் உடனிருந்தார்கள் என்று எழுதித் தரும்படி கேட்டேன். என் பதிவில் அவன் இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டதைச் சொல்லிக்காட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். சரிக்கா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

பத்தாம் நாள் தம்பி எழுதிய கடிதத்தின் படம் வந்தது: என் அக்கா அன்று ஊரில் இல்லை. நான் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தேன். மேலே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த நேரம் என் தகப்பனாருடன் யாரும் இல்லை.

உடனே கூப்பிட்டேன்.

"நீ இருந்தேன்னு நினைச்சேன்டா."

"நான் சொல்லலியே. அமைதியா போயிட்டார்னு நர்ஸ் சொன்னாங்க, அதைத்தான் சொன்னேன். நீ எழுதினதை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன்க்கா. பொய்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் படிப்பேன். யாரோ ஒருத்தர் பிடிச்சிருந்த மாதிரி இருக்கும்."

"அதை எடுத்துடட்டுமா?"

"எடுக்காத. மேல உண்மையைப் போடு. ஆனா அதுல என் கையைக் கொண்டுபோய் வச்சுடாத."

வாக்குமூலத்தை மூன்று முறை எழுதினேன். முதலிரண்டில் அப்பாவின் மூச்சு, ஜன்னல், வெளிச்சம் எல்லாம் வந்துவிட்டன. மூன்றாவதில் தேதிகளும் எண்களும் மட்டும். முந்நூறு நாள் விதிக்காக நான் திரும்பினேன், பத்தொன்பதாம் நாள் அவர் இறந்தார், நான் பல் நட்டுக்கொண்டிருந்தேன். அரைப் பக்கம். விதியைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் நான் மறைத்த பதினேழு பதிவுகளில் சொல்ல முடியாதது அந்த அரைப் பக்கத்தில் இருந்தது.

அதைத் தபாலில் சேர்த்த அன்றே தமிழில் எழுதி, பழைய பதிவின் தலைமேல் வைத்தேன். முடிவு சொல்லும் கடிதம் வரட்டுமே, அதற்குள் என்ன அவசரம் என்றார் கணவர். வந்த பிறகு போட்டால் அது வேறு என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, மறைத்த பதினேழையும் திறந்துவிடச் சொல்லி, வேலைக்குக் கிளம்பினார்.

பின்னூட்டங்கள் குறைவு. இரண்டு உறவுகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, வெளியே இருந்த நாட்கள் இருநூற்று எண்பத்தேழு. உறுதிமொழி எடுக்க வரவேண்டிய தேதியும் நேரமும் கீழே இருந்தன. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.