மெக்கானிக் ஏறினால் மூழ்கும் படகு

மெக்கானிக் கால் வைத்ததும் படகு ஒரு முழம் தண்ணீருக்குள் இறங்கியது. அவர் காலை எடுத்ததும் பழையபடி மேலே வந்தது. பட்டப்பகலில், படகுத்துறையே பார்த்துக்கொண்டிருக்க நடந்தது என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த யாரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. மெக்கானிக்கோ விலா எலும்பை எண்ணிவிடக்கூடிய ஒல்லி ஆள். மருந்துக்கடை எடை மெஷினில் ஏறி நின்றால் முள் சோம்பல் முறிக்கிற அளவுக்குத்தான் நகரும்.

அவரும் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாய்மரப் படகில்தான் குடியிருந்தார்கள். அவர் மற்ற படகுகளின் எஞ்சினைப் பிரித்து மாட்டுவார், அவள் கிழிந்த பாய்களைத் தைப்பாள். நடுவில் அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தார். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை. படகைப் பூட்டிவிட்டுக் கரையில் அண்ணனின் மூன்றாவது மாடி வீட்டுக்குப் போனார்கள். நான்கு வருடம் மெக்கானிக் காலையும் மாலையும் அண்ணனை முதுகில் தூக்கிக் குளியலறைக்குப் போனார், திரும்பத் தூக்கி வந்து படுக்கவைத்தார். அவர் மனைவிக்குத்தான் தரை ஒத்துக்கொள்ளவில்லை. சிலருக்குக் கடலில் தலை சுற்றும், அவளுக்கு மாடியில் சுற்றியது. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை, துரும்பாக இளைத்துப்போனாள். இன்னும் ஒரு வருடம் தரையில் இருந்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார். அண்ணன் இறந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டுத் துறைக்கு வந்தார்கள். துறையில் இருந்தவர்கள் மனைவியைக் கைத்தாங்கலாகப் படகில் ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்ததுமே பசிக்கிறது என்றாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் மெக்கானிக் கால் வைத்தார்.

படகில் குடியிருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு சாமான் உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போயாக வேண்டும். ஆகவே வேறு யாராக இருந்தாலும் ஆளைச் சந்தேகப்பட்டிருப்பார்கள், இவர்கள் சாமானைச் சந்தேகப்பட்டார்கள். முதலில் வீட்டிலிருந்து வந்த மிக்சியும் நாற்காலிகளும் போயின. பிறகு தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, அவளுடைய தையல் மெஷின், எஞ்சின். கடைசியில் நங்கூரத்தையே கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். நங்கூரம் இல்லாத படகு ஒரு படகா என்று துறையில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதன் சங்கிலி மட்டும் துருவேறிப் படகோடு இறுகிக் கிடந்ததால் தப்பியது. காலி டப்பாவாக மிதந்த அந்தப் படகில் மெக்கானிக் மறுபடி கால் வைத்தார். தண்ணீர் ஜன்னலைத் தொட்டது.

அதற்குப் பிறகு அவர் துறையின் பலகையில் உட்கார்ந்தும், அவள் படகில் உட்கார்ந்தும் சாப்பிட்டார்கள். நடுவில் ஒரு கை நீளத்துக்குத் தண்ணீர் கிடந்தது. அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

“உங்க அண்ணனை நீங்க இன்னும் இறக்கி வைக்கல.”

அது தனக்குத் தெரியாத சங்கதி இல்லை என்பதுபோல மெக்கானிக் சோற்றைப் பிசைந்தார். “எங்க இறக்கி வைக்கிறது? அவனுக்கு யாரு இருக்கா?”

“செத்தவருக்கு எதுக்குங்க ஆளு? நான் உயிரோட இருக்கேன். எனக்கு யாரு இருக்கா?”

மனுஷன் முயற்சி செய்யாமலும் இல்லை. சுடுகாட்டுக்குப் போய்க் குனிந்து நின்று பார்த்தார். பழைய வீட்டின் மாடிப்படியில் உட்கார்ந்து, இறங்கிக்கோடா அண்ணா என்று அழுது பார்த்தார். திரும்பி வந்து கால் வைத்தால் அதே ஒரு முழம்தான். மனைவியும் தன் பங்குக்கு, தரையிலேயே இருந்து தொலைக்கலாம் என்று ஒரு நாள் பலகையில் இறங்கினாள். நாலடி நடப்பதற்குள் குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். மெக்கானிக்தான் அவளைத் தூக்கிப் படகில் விட்டார். இனி இந்த ஜன்மத்தில் சேர்ந்து இருக்க வழியில்லை என்று அன்றைக்கு இருவருக்குமே தெரிந்துவிட்டது. பாவம், இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் புயல் வந்தது. மற்றவர்கள் இரண்டு நங்கூரம் போட்டு வைத்தார்கள். இந்தப் படகுக்குக் கயிறுதான் கதி, அதுவும் மத்தியானமே அறுந்தது. படகு அவளையும் வைத்துக்கொண்டு அலைத்தடுப்புப் பாறைகளை நோக்கிப் போனது. மெக்கானிக் பலகையின் கோடி வரை ஓடி, தண்ணீரில் விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த சங்கிலியைப் பிடித்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். அடுத்த நொடி கல்லைப்போல நேராகக் கீழே போனார். படகு நின்றது. மறுநாள் காற்று ஓய்ந்தபோது நங்கூரம் போட்ட படகுகளெல்லாம் கரையில் குப்புறக் கிடந்தன. இது மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

ஆள் போய்விட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மனைவி சங்கிலியைக் கட்டிக்கொண்டு, கேட்கிறவர் நெஞ்சு வெடிக்கும்படி அழுதாள். படகின் அடிப்பாசி சுரண்டுகிற முக்குளிப்பவர் உடலை எடுத்துவர உள்ளே இறங்கினார். மேலே வந்து, மெக்கானிக் கீழே சேற்றில் உட்கார்ந்திருப்பதாகவும், டீ கேட்டதாகவும், சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னதாகவும் தெரிவித்தார். அன்றிலிருந்து அவள் கொடுத்த அடுப்பைத் திரும்ப வாங்கிச் சமைத்து, மூன்று வேளையும் டிபன் கேரியரைக் கயிற்றில் கட்டி இறக்கினாள், அது கழுவி மேலே வந்தது. அவள் உடம்பு தேறியது. ஆனால் சாயங்காலமானால் சங்கிலியில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, இதுக்கா திரும்பி வந்தோம் என்று அதனிடம் கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்படியே இரண்டு மழைக்காலம் போனது.

ஒரு நாள் காலையில் பாய் சுருட்டியபடி இருக்க, படகு எதிர்க்காற்றில் துறை வாசலை நோக்கி நகர்ந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஒவ்வொரு அடிக்கும் அதன் முன்பக்கம் லேசாகக் குனிந்து நிமிர்ந்தது. மனைவி தலை வாரி, நல்ல புடவை கட்டி, சங்கிலியைப் பிடித்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடமாக வாய்க்குள் வைத்திருந்த பேச்சையெல்லாம் தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள், நடுநடுவே சங்கிலி ஆடினால் சிரித்தாள். துறை சூப்பர்வைசர் வாசலில் நின்று எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று விசாரித்தார்.

“எங்கன்னு இல்ல, சும்மா ரெண்டு பேரும் போறோம்,” என்றாள்.

சூப்பர்வைசர் எட்டித் தண்ணீரைப் பார்த்தார். “இந்தப் பக்கம் திடீர்னு பள்ளம் வரும். அவரைப் பார்த்து நடக்கச் சொல்லும்மா,” என்று சொல்லிவிட்டு, வாசல் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.