பம்பரின் உட்புறத்தில் ஒரு பெயர்

1.

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதி, அது ஒரு பத்திரிகையில் அச்சாகியும் விட்டது. அதில் ஒரு ரிமோட் லாரியின் பம்பரைச் செய்தவர் கோதண்டம். தண்டலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். அந்த லாரி ஓடிய போட்டியை நேரில் பார்த்த ஒருவர் சொல்லக் கேட்டு எழுதினேன். பட்டறைப் பலகையில் கோதண்டத்தின் பெயர் இருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. வெல்டிங் என்றால் ஆண் என்று என் பேனாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பத்திரிகை வந்த நான்காம் நாள் கோதண்டத்தின் மனைவி சரோஜா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அறுபத்தைந்து வயது. கையில் அந்தப் பத்திரிகை சுருட்டியிருந்தது.

"இன்னா தம்பி எழுதிக் கீற? பம்பரு பண்ணது அந்த ஆளா? நீ பாத்தியா?"

"இல்லம்மா, பலகையில அவர் பேருதான்..."

"வல்லக்கோட்டை முருகன் தொணைன்னும்தான் பலகையில போட்டிருந்துச்சு. அப்ப முருகன் வந்து வெல்டிங் அடிச்சாருன்னு எழுத வேண்டியதுதான?"

உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. வாசலிலேயே நின்று முழுவதையும் சொன்னார். ஒன்றரை மணி நேரம். நானும் நின்றேன்.

2.

தொடக்கம்:

1991 ஏப்ரல் மாதம், ஸ்ரீபெரும்புதூரில் —

இவ்வளவு எழுதியதும் பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து, திருத்திய கதை ஒன்று தருகிறேன் என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏப்ரலை மே ஆக்கிடலாமா? அந்த வருஷம், அந்த ஊர். வாசகர் வேறு எதைத் தேடுவார்?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த மே மாதம் நடந்த குண்டுவெடிப்பு பெரிய துக்கம்தான், யார் இல்லை என்றார்கள்? அதற்காக, அதற்கு ஐந்து வாரம் முன்பு ஒரு பெண்ணுக்கு நடந்தது நடக்கவே இல்லை என்றாகிவிடுமா? பிறகு போனில் சரோஜாவிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "ஏன், அந்த வருசம் எங்களுக்கு வேற எதுவும் நடக்கக் கூடாதா?"

ஏப்ரல் ஏப்ரலாகவே இருக்கும்.

(இன்னொரு திருத்தம். முதல் பிரதியில் கோதண்டத்துக்கு 'அவர்' போட்டிருந்தேன். கதையில் ஒரே ஓர் இடத்தில், தேநீர் கொண்டு வரும்போது மட்டும், சரோஜா வருகிறார். அங்கே 'அவள்'. யாரும் சுட்டிக்காட்டவில்லை.)

3.

சரோஜாவுக்கு அப்போது முப்பத்திரண்டு. கல்யாணத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் வேலை பார்த்தார். சீர்வரிசைக் குடம், எவர்சில்வர் தூக்கு, டம்ளர் என்று எதைக் கொடுத்தாலும், சின்ன உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி, கொடுப்பவர் பெயரை வெட்டித் தருவார். கல்யாணத்துக்குப் பின் கோதண்டம் வாசல் கேட்டுகளும் ஜன்னல் கம்பிகளும் அடிக்க, நுணுக்கமான பற்றவைப்பெல்லாம் சரோஜாவிடம் வந்து சேர்ந்தது. கோதண்டத்தின் கை கனம். மெல்லிய தகட்டை அவர் தொட்டால் ஓட்டைதான்.

மார்ச் மாதம் தாண்டவராயன் என்பவர் மெட்ராஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு லாரியை எடுத்து வைத்தார். சிங்கப்பூரிலிருந்து வந்தது, முழங்கை நீளம், ரிமோட்டில் ஓடுவது. கல், மேடு, சேறு எல்லாம் ஏறும். நிஜ லாரியின் அச்சு அசல். முன்னாலிருந்த பிளாஸ்டிக் பம்பர் மட்டும் கல்லில் மோதி இரண்டாகியிருந்தது.

"இரும்புல வேணும். நிஜ பம்பர் மாதிரியே இருக்கணும். பின்பக்கத்துக்கும் ஒண்ணு."

கோதண்டம் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிச் சொன்னார்: "சரோ, இது உன் வேலை."

(இந்த வாக்கியம் முதல் பிரதியில் இல்லை. எனக்குத் தகவல் சொன்னவர் அந்த இடத்தில் இல்லை. ஆனால் தாண்டவராயன் இருந்தார். காதில் விழுந்தது.)

முதலில் செய்தது கனமாகிவிட்டது. லாரி மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது. சரோஜா அதை ஓரமாகப் போட்டுவிட்டு, சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகளை எடுத்தார். குழாயில் சுற்றி வளைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து, பித்தளை வைத்துப் பற்றவைத்தார். மோதினால் ஒடியாமல் வளைந்து கொடுத்து, மறுபடி நிமிர்கிற பம்பர். நடுவே ஒரு சின்னத் தகடு, இரண்டு குட்டி விளக்குக்கு இடம், கயிறு கட்டி இழுக்க ஒரு கொக்கி. சமையல், தண்ணீர் பிடிப்பது, மற்ற பட்டறை வேலை இவற்றுக்கு நடுவே பதினோரு நாள்.

எல்லாம் முடிந்ததும் முன்பம்பரின் நடுத்தகட்டைத் திருப்பி வைத்து, பழைய உளியை எடுத்து, உட்புறத்தில் வெட்டினார்: சரோஜா, தண்டலம்.

"எதுக்கு வெட்டினீங்க?" என்று கேட்டேன்.

"ஊர்ல கீறவன் பேரெல்லாம் வெட்டிக் குடுத்துட்டேன். என் பேர ஒரு தபா வெட்டிப் பாக்கணும்னு இருந்துச்சு. வெளியவா வெட்டினேன்? உள்ளதான?"

4.

லாரிப் போட்டி ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வற்றிக் கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஏரியில். மெட்ராஸ்காரர்கள் இருபது பேர், இருபது லாரிகள். தாண்டவராயன் கோதண்டத்தை வரச் சொல்லியிருந்தார். சரோஜாவும் கிளம்பினார். தான் செய்த பொருள் கல்லில் மோதுவதைப் பார்க்க ஆசை.

ஓடுவதற்கு முன்பே லாரிகளை ஒரு மேசையில் வரிசையாக வைத்து மார்க் போட்டார்கள். பத்திரிகை நிருபர் ஒருவர் தாண்டவராயனின் லாரி முன் நின்றுவிட்டார்.

"இந்த பம்பர் எங்க சார் வாங்கினீங்க?"

"எங்கயும் கிடைக்காதுங்க. ராத்திரி பகலா உக்காந்து நானே செஞ்சது."

சரோஜா நான்கடி தள்ளி நின்றிருந்தார். தவறாகக் காதில் விழுந்ததோ என்று நினைத்தார். நிருபர் அதையே திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டபோதுதான் முகம் சூடேறியது.

"சார், வண்டியத் திருப்பிக் காட்டுங்க அவருக்கு."

தாண்டவராயன் சிரித்தார். "இவங்க வெல்டிங்காரர் சம்சாரம். வேடிக்கை பாக்க வந்தாங்க."

சரோஜா தானே எடுத்துத் திருப்பினார். உட்புறத்தில் பெயர் இல்லை. புள்ளிகளின் மேல் பட்டி பூசித் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. வழவழவென்று, அக்கறையாக. அந்த அக்கறையைத்தான் அவரால் இன்றுவரை தாங்க முடியவில்லை. லாரியில் வேறெந்த வேலையையும் அவ்வளவு பொறுமையாக அந்த ஆள் செய்திருக்கவில்லை.

வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துச் சுரண்டினார். பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. 'ரோ' தெரிந்தது.

"ஏம்மா, கூலிக்குச் செய்யறவங்க பேரெல்லாமா போடுவாங்க? வீடு கட்டின கொத்தனார் செவுத்துல பேர் எழுதறாரா?" என்றார் தாண்டவராயன்.

"எழுத வேணாம் சார். ஆனா வூட்டுக்காரரு, நானே கட்டினேன்னு சொல்ல மாட்டாரு."

கூட்டம் சேர்ந்தது. நிருபர் நல்ல மனிதர்தான். கோதண்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க சொல்லுங்க. யார் செஞ்சது?"

இந்த இடத்தில் முதல் பிரதியில் எனக்கு இப்படி ஒரு சிக்கலே இல்லை. இரண்டாம் பிரதியில் கோதண்டம் நெஞ்சை நிமிர்த்தி, "என் பொஞ்சாதிதான் சார்" என்று —

அடித்துவிட்டேன். அப்படி நடக்கவில்லை. கோதண்டம் ஏரிக்கரையைப் பார்த்தார். பிறகு தாண்டவராயனைப் பார்த்தார். தாண்டவராயன் இன்னும் பல லாரிகளுக்கு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். "உடு சரோ, வா போலாம்" என்றார் கோதண்டம். அவ்வளவுதான்.

மேசையில் ஸ்குரு டிரைவர் கிடந்தது. சரோஜா எடுத்தார். முன்னால் நான்கு திருகு, பின்னால் நான்கு. யாரும் தடுக்கவில்லை. இரண்டு பம்பரையும் கழற்றி முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"குடுத்த காச வாங்கிக்க வூட்டுக்கு வா" என்றார் தாண்டவராயனிடம். 'சார்' இல்லாமல்.

5.

முடிவுகள்.

(அ) தாண்டவராயன் மறுநாள் தண்டலம் வந்து மன்னிப்புக் கேட்கிறார். எழுதிப் பார்த்தேன், அழகாக வந்தது. ஆனால் அவர் வரவே இல்லை.

(ஆ) பம்பர் இல்லாத லாரி கல்லில் மோதிச் சிதறுகிறது. ஆசிரியருக்கு இது பிடித்தது. உண்மையில் லாரி நன்றாகவே ஓடி இரண்டாம் பரிசு வாங்கியது. தாண்டவராயன் படம் செய்தித்தாளில் வந்தது. படத்தில் லாரியின் முன்புறம் மொட்டையாக இருக்கிறது. படத்துக்குக் கீழே அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

(இ) ஏரியிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் திரும்புகிறார்கள். பம்பர்கள் சரோஜாவின் மடியில். அவர் கோதண்டத்தைப் பார்த்து —

இங்கே என்ன சொன்னார் என்று கேட்டேன். அதுவரை எதையும் மறைக்காதவர், பத்திரிகையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"அத்த எழுதாத. பம்பரு பண்ணத எழுது, பட்டி பூசினத எழுது. அது ஊருக்குத் தெரிய வேண்டிய நாயம். பஸ்ல பேசினது என்னுது."

"கதைக்கு முடிவு வேணுமேம்மா."

"உன் கதைக்கு வேணும். எனக்கு இன்னாத்துக்கு?"

போய்விட்டார். ஆகவே அந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை. உங்களுக்கு முடிவு இல்லாமல் முடியாது என்றால், நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். ஜன்னலோரத்தில் சரோஜாவை உட்கார வையுங்கள், அழ வையுங்கள், திட்ட வையுங்கள், பேசாமலே தண்டலத்தில் இறங்க வையுங்கள், உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சரோஜா மேல் இரக்கப்பட்டு, ஏரியில் கோதண்டத்தை அவருக்காகப் பேச வைக்காதீர்கள்.

அவர் பேசவில்லை.