ஆர்டிஸின் குரலுக்கு ஒரு பெட்டி

எங்கள் கிளப்பில் யாரும் பாட்டு கேட்பதில்லை. பெட்டி கேட்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடுவோம். அவர் சொந்தமாகச் செய்த ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்து, பாடுகிறவரைக் கொஞ்சமும் மதிக்காமல், பலகையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கலைவோம். அயோவாவில் குளிர்காலம் நீளமானது. மனிதன் எதையாவது செய்துதானே ஆகவேண்டும்.

தலைவர் டாக்டர் பிரென்டிஸ், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எந்தப் பெட்டியைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். ஊரில் பாதிப்பேரின் கடைவாய்ப் பல்லை அப்படித் தட்டியவர். "பெட்டி பேசக்கூடாது" என்பது அவருடைய ஒரே உபதேசம். பலகை அதிர்ந்தால் அதுவும் கூடச் சேர்ந்து பாடும். கேட்பது பாடகியா பலகையா என்று தெரியாமல் போய்விடும். ஆகவே பெட்டி செத்த பெட்டியாக இருக்கவேண்டும்.

பிப்ரவரியில் வெர்லின் ஹூக்ஸ்ட்ராவின் முறை. எங்களில் அவனுக்கு மட்டும்தான் உண்மையிலேயே ஒரு காரியம் இருந்தது. அவன் மனைவி ஆர்டிஸ் சர்ச்சில் பாடியவள். கழுத்தில் ஒரு ஆபரேஷன். கட்டி போனது, கூடவே ஒரு நரம்பும் போனது. இப்போது பேசினாலே உப்புத்தாள் தேய்க்கிற சத்தம்தான். பாட்டு கிடையாது. மிச்சமிருப்பது ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் தனியாகப் பாடியதை ஒற்றை மைக்கில் பிடித்த பதிவு. அந்தக் குரல் இருந்தபடியே கேட்கவேண்டும், எதுவும் கலக்கக்கூடாது. வெர்லினுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அதற்காக ஒரே அளவில், ஒலியெழுப்பும் கூம்பையும் ஒரே ரகமாக மாட்டி, மூன்று விதப் பெட்டி செய்திருந்தான். கான்கிரீட், மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., பிர்ச் மரத்துப் பிளைவுட். கான்கிரீட்டை அங்கேயே வார்த்துவிட்டதால் அது இனி அந்த வீட்டை விட்டு வெளியேறப் போவதில்லை. எது பாடுகிறது என்று தெரியாதபடி முன்னால் கருப்புத் துணி. பின்னால் நின்று ஒயர் மாற்றும் வேலை எனக்கு. காது நம்பகமில்லாதவர்களுக்குக் கொடுக்கிற வேலை அது.

முதலில் கான்கிரீட்.

"சுத்தம்," என்றார் டாக்டர். "ஆனா உயிரே இல்ல."

"பெட்டி சாகணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான் வெர்லின்.

"பெட்டிதான்யா சாகணும். ஆர்டிஸ் இல்ல."

அடுத்து எம்.டி.எஃப். "இது அவ இல்ல, அவ தங்கச்சி. அதுவும் போன்ல," என்றான் வெர்லின்.

மூன்றாவதாக பிர்ச். அவன் எழுந்து நின்றுவிட்டான். "இதான். சர்ச்சுல உட்கார்ந்து கேட்டது இதேதான்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டான். டாக்டர் பட்டம் வழங்குகிறவர் மாதிரி மெல்லத் தலையாட்டினார். "இன்னொரு தடவை அதையே போடுய்யா."

போட்டேன். ஆனால் நான் தவறுதலாக ஒயரைச் செருகியது வேறு பெட்டியில். அளவு சரிபார்க்க, மிச்சமிருந்த அலமாரிப் பலகையில், மெல்லிய பைன், வெர்லின் ஆணியடித்து வைத்த ஒத்திகைப் பெட்டி அது. அதிர்வை அடக்க உள்ளே குறுக்குக் கட்டை இல்லை, பஞ்சு இல்லை. கூம்பு பொருந்துகிறதா என்று மாட்டியவன் கழற்ற மறந்திருந்தான்.

டாக்டர் துள்ளினார். தன் நாற்காலியில் எத்தனை பேரைத் துள்ளவைத்தாரோ அதே துள்ளல். "நிறுத்து, நிறுத்து! யாரோ பீப்பாய்க்குள்ள நின்னு பாடுறாங்க."

உள்ளதைச் சொன்னால், அவர் சொன்னது சரி. ஒயரைப் பிடுங்கப் போனேன்.

"தொடாதே," என்றது படிக்கட்டிலிருந்து உப்புத்தாள் குரல்.

ஆர்டிஸ் எங்களுக்காக உருளைக்கிழங்கு கேசரோல் எடுத்து வந்திருந்தாள். தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். துணியை விலக்கினாள். பைன் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

"இதுதான் நான்."

"அம்மா, அது பெட்டியோட சத்தம். உங்க குரல் இல்ல," என்றார் டாக்டர்.

"நான் பாடினப்போ நீங்க எங்க இருந்தீங்க, டாக்டர்?"

"மூணாவது வரிசைல."

"நான் உள்ள இருந்தேன்."

வெர்லின் அவசரமாக பிர்ச்சைப் போடச் சொன்னான். அவள் மரியாதையாக முழுவதும் கேட்டாள். "நல்லா பாடுறா. யாரு?"

அவன் பொத்தென்று உட்கார்ந்தான். வீட்டில் அந்தப் பதிவைப் போடும்போதெல்லாம் அவள் ஏன் பாதியில் நிறுத்தச் சொன்னாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்கவேண்டும். "அப்ப இத்தனை வருஷமா நான் கேட்டது யாரைடி?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் ஒருநாளாவது வெளிய நின்னு கேட்டிருக்கேனா?"

பேஸ்மென்ட் குழம்பிப்போனது. டாக்டர் தாடையைத் தொட்டுக் காட்டி விளக்கினார். பாடுகிறவருக்கு அவர் குரல் எலும்பு வழியாகவும் போய்ச் சேர்கிறது. அதனால் தடித்துக் கேட்கிறது. ஆக மண்டையும் ஒரு பெட்டி. "மோசமான பெட்டி," என்று சேர்த்துக்கொண்டார். அப்படியானால் அசல் எது, பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா? இரண்டுக்கும் நடுவில் ஒன்று செய்யலாம் என்றார் ஒருவர். ஆர்டிஸின் மண்டையோட்டுத் தடிமனில் பலகை கிடைக்குமா என்றார் இன்னொருவர். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"ஆர்டிஸ், உங்க தாடையில லேசா ஒரு தட்டு தட்டிப் பாக்கலாமா?" என்றார் டாக்டர்.

"முதல்ல உங்க மண்டையில தட்டுங்க."

தட்டினார். நிஜமாகவே தட்டி, கண்ணை மூடிக் கேட்டார்.

"அருமையான பெட்டி," என்றது பின்வரிசை. "எதுவுமே அதிரல."

கேசரோல் ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மார்ச்சில் வெர்லின் வீட்டுக்குப் போனேன். ஹாலில் இடப்பக்கம் பிர்ச், வலப்பக்கம் பைன். எங்கள் கிளப்பில் இது ஒரு காலில் பூட்ஸும் மறுகாலில் செருப்புமாகக் கல்யாணத்துக்குப் போகிற காரியம். பிர்ச்சை ஒட்டி அவன் நாற்காலி, பைனை ஒட்டி அவள் நாற்காலி. நடுநாற்காலி, இரண்டு பெட்டியும் சமமாகக் கேட்கும் என்று நாங்களெல்லாம் அடித்துக்கொள்ளும் இடம், காலியாகக் கிடந்தது.

"டாக்டர் பாத்தாரா?"

"பாத்தாரு. வாசல்லயே திரும்பிட்டாரு," என்றான். "நீ உட்காரு. நடுவுல இருந்து கேட்டு, எது ஆர்டிஸ்னு சொல்லு. எங்களுக்குள்ள முடிவுக்கு வரமுடியல."

உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. இடக்காதில் ஒருத்தி, வலக்காதில் ஒருத்தி. ஒரே சொல், ஒரே மூச்சு. கொஞ்ச நேரத்தில் இரண்டும் கலந்து என் மூக்குக்கு நேரே ஒருத்தி நின்று பாடினாள். வெர்லின் சொன்னவள் இல்லை. ஆர்டிஸ் சொன்னவளும் இல்லை.

முடிந்ததும் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"யாரு?" என்றாள் ஆர்டிஸ்.

"தெரியல," என்றேன். "இன்னொரு தடவை போடு."